வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, டேப்லெட்டா: பொழுதுபோக்காக வரைய எதை எடுப்பது?

பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவர்கள் நாற்பது வயதில் மறுபடி வரைய வருகிறார்கள். வேலைக்குப் போகும் இளைஞர்கள் சனி, ஞாயிறுக்குக் கையால் செய்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தேடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்களும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எதை வாங்கட்டும்? கடையில் பெயிண்ட் வகைகள் மட்டும் ஒரு சுவர் முழுக்க இருக்கின்றன. வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் வாட்டர் கலர் என்கிறார், அடுத்தவர் ஐபேட் என்கிறார். கடைசியில் சிலர் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். சிலர் எதையும் வாங்காமலே இருந்துவிடுகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்பதை வைத்து ஊடகத்தை, அதாவது எதைக் கொண்டு வரைவது என்பதை, தேர்ந்தெடுக்காதீர்கள். வரைய உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும், எங்கே உட்கார்ந்து வரையப்போகிறீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பொழுதுபோக்காக வரைகிறவருக்கு ஆசிரியரும் கிடையாது, கெடுவும் கிடையாது. அடிக்கடி உட்கார்ந்தால் கை தானாகப் பழகும். அடிக்கடி உட்கார முடியாதபடி செய்யும் ஊடகம் எவ்வளவு உயர்ந்ததானாலும் வீட்டில் தூசிதான் பிடிக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் நேரம். வரைகிற நேரத்தை மட்டும் சொல்லவில்லை. பொருள்களை எடுத்து வைக்கவும், முடிந்ததும் கழுவி ஒதுக்கவும் ஆகிற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கிடைக்கிற ஒருவருக்கு, அதில் பாதியை பிரஷ் கழுவவே எடுத்துக்கொள்ளும் ஊடகம் ஒத்துவராது.

இரண்டாவது இடம். தனி அறை உண்டா, சாப்பாட்டு மேசைதானா? ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா? கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் குழந்தை வீட்டில் இருக்கிறதா?

மூன்றாவது, தவறு நேர்ந்தால் திருத்த விடுமா என்பது. நான்காவது பணம். முதல் நாள் செலவையும், அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் செலவையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் எதிரெதிர்த் திசையில் போகும்.

ஐந்தாவது, நம் ஊர் வானிலை. ஓவியம் கற்றுக்கொடுக்கும் வீடியோக்களில் பல குளிர்நாடுகளில் எடுத்தவை. அங்கே பத்து நிமிடம் ஈரமாக இருக்கும் காகிதம், சித்திரை வெயிலில் மதுரையில் இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும். அதே காகிதம் கார்த்திகை மழையில் கடலூரில் காயவே காயாது. கடைசியாக, முடிந்த படத்தை என்ன செய்யப்போகிறீர்கள்? சுவரில் மாட்டவா, நண்பருக்குப் பரிசளிக்கவா, நோட்டில் வைத்து மூடவா, போனில் அனுப்பவா?

## பென்சில், பேனா, மை

வண்ணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நோட்டு, 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு கறுப்புப் பேனா. இருநூறு, முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எடுத்து வைக்கும் நேரம் பூஜ்யம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட வரையலாம். கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு யாளித் தூணை வரைந்து பாருங்கள். நூறு முறை கடந்துபோன தூணில் இத்தனை நாள் கவனிக்காத நகமும் பல்லும் தெரியும்.

கறுப்பு மையை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழில் பெரிய மரபே இருக்கிறது. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோவில் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களில் கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லை, ஆனால் எதுவும் குறையவில்லை.

மறைந்திருக்கும் செலவு இதில் குறைவு, ஆனால் உண்டு. மை வாங்கும்போது அது தண்ணீரில் கரையுமா, கரையாதா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஃபவுண்டன் பேனா மை, மேலே ஈரபிரஷ் பட்டதும் கலைந்து ஓடும். அது வேண்டுமென்றே செய்தால் அழகான சாம்பல் நிழல் கிடைக்கும். ஆனால் மேலே வண்ணம் பூச நினைப்பவருக்குப் படம் போய்விடும். அவருக்குக் காய்ந்தபின் தண்ணீரில் கலையாத நிறமி மை வேண்டும். இந்தியன் இங்க் என்று பாட்டிலில் விற்பதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது. அதில் இருக்கும் அரக்கு காய்ந்து பேனாவை அடைத்துவிடும். அதற்கு, தொட்டு எழுதும் நிப்போ பிரஷ்ஷோ சரி. நாரிழை முனை கொண்ட டிராயிங் பேனாக்கள் சொரசொரப்பான காகிதத்தில் சீக்கிரம் மழுங்கும். வழுவழுப்பான காகிதம்தான் அவற்றுக்கு ஏற்றது.

தவறுக்கு மன்னிப்பு? பென்சிலில் உண்டு, பேனாவில் கிடையாது. ஆனால் அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை நிதானமாகிறது. கோடு போடுவதற்கு முன் பார்க்கிற பார்வை கூர்மையாகிறது. ஆரம்பிப்பவர்களுக்கு இது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி.

## வாட்டர் கலர்

நிறமியை வேலமரப் பிசினில் குழைத்தால் வாட்டர் கலர். தண்ணீர் விட்டால் கரையும், காய்ந்த பிறகும் தண்ணீர் விட்டால் மறுபடி கரையும். இந்த ஒரு குணத்தால்தான் இது பொழுதுபோக்காளருக்கு இவ்வளவு வசதியாக இருக்கிறது. பாலெட்டில் (நிறம் கலக்கும் தட்டில்) காய்ந்துபோன பெயிண்ட் வீணாவதில்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு அடுத்த வாரம் ஈர பிரஷ்ஷால் தொட்டால் உயிர்பெறும். நெடி இல்லை. கழுவ ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சட்டைப் பையில் அடங்கும் பெட்டியோடு மாமல்லபுரத்துக்குப் போய்வரலாம்.

எடுத்து வைக்க இவ்வளவு எளிதான இது, வரையும்போது கடினமானது. ஆரம்பத்தில் இதை யாரும் சொல்வதில்லை. வெள்ளை நிறம் என்பது இதில் காகிதம்தான். வெளிச்சம் விழும் இடத்தை முதலிலேயே திட்டமிட்டு விட்டுவைக்க வேண்டும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குத்தான் போக முடியும். அடர்நிறம் வைத்த இடத்தை வெளிறச் செய்வது மிகக் கடினம். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தால் ஒரு படி வெளிறிவிடும், அதனால் தைரியமாகக் கொஞ்சம் கூடுதல் அடர்த்தியில் வைக்கப் பழக வேண்டும். பாதி காய்ந்த இடத்தில் ஈர பிரஷ்ஷை வைத்தால் பூக்கோசு மாதிரி விளிம்போடு கறை படரும்.

இங்கே பணத்தை எங்கே போடுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெயிண்டில் மிச்சம் பிடியுங்கள், காகிதத்தில் பிடிக்காதீர்கள். கேமல் மாணவர் வகைப் பெயிண்டை நல்ல காகிதத்தில் பூசினால் நன்றாகவே வரும். மிக உயர்ந்த பெயிண்டை டிராயிங் நோட்டில் பூசினால் காகிதம் சுருங்கி, தண்ணீர் குட்டையாகத் தேங்கி, இரண்டாவது முறை தேய்த்ததும் நூல்நூலாகப் பிரியும். "எனக்கு வாட்டர் கலர் வராது" என்று விட்டுப்போனவர்களில் பலரைத் தோற்கடித்தது காகிதம்தான். குறைந்தது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) கனம் வேண்டும். முழுக்கப் பருத்தியில் செய்த காகிதமாக இருந்தால் ஈரம் சீராக நிற்கும், நிறம் கலக்க நேரம் கிடைக்கும். விலை கூடுதல்தான். ஒரு தாளை நான்காகக் கிழித்து அஞ்சலட்டை அளவில் வரையுங்கள், பின்பக்கத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செலவு பாதிக்குமேல் குறையும்.

பெயிண்ட் டியூபின் சுற்றில் சின்ன எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அல்ட்ராமரின் நீலம் என்றால் பிபி 29. ஒரே குறியீடு இருந்தால் ஒற்றை நிறமி, கலக்கும்போது சேறாகாது. மூன்று நான்கு குறியீடுகள் இருந்தால் அதோடு இன்னொன்றைக் கலக்கும்போது மங்கும். அலிசரின் கிரிம்சன் என்ற அழகான சிவப்பு, பிஆர் 83 என்று போட்டிருந்தால், வெளிச்சம் படப்பட வெளுக்கும். நோட்டுக்குள் இருக்கும் படத்துக்கு அது பிரச்சினை இல்லை, கூடத்துச் சுவருக்குப் பிரச்சினை. 24 நிறப் பெட்டி தேவையில்லை. ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, இரண்டு நீலம், ஒரு பர்ன்ட் சியன்னா. அந்தப் பழுப்பையும் அல்ட்ராமரினையும் கலந்தால் வரும் சாம்பல், மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல். கடையில் விற்கும் எந்தக் கறுப்பும் அதைத் தராது.

நம் ஊர் வானிலைக்கு வருவோம். பாலெட்டை ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். பிசின் அதற்கு நல்ல உணவு. காயவிட்டு மூடுங்கள். காகிதமும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. உறிஞ்சாமல் இருக்கக் காகிதத்துக்குப் போட்டிருக்கும் பசை ஈரக்காற்றில் பழுதானால், பெயிண்ட் அங்கங்கே ஒற்றுத்தாளில் விழுந்த மாதிரி புள்ளி புள்ளியாக இறங்கும். நல்ல காகிதத்தை ஜிப் உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வரைவது கஷ்டம்தான், ஆனால் காற்று நேரே காகிதத்தில் படாமல் திரும்பி உட்காருங்கள்.

சுவரில் மாட்ட வேண்டுமென்றால் கண்ணாடி ஃபிரேம் அவசியம். ஃபிரேமின் விலை பல நேரம் படத்துக்கு ஆன செலவைத் தாண்டும்.

போஸ்டர் கலரையும் இதன் பக்கத்திலேயே வைக்கலாம். அதுவும் தண்ணீரில் கரைவதுதான், ஆனால் அடியிலிருப்பதை மறைக்கும். வெள்ளை டப்பா உண்டு, தவறின் மேல் பூசிவிடலாம். ஜப்பானிய அனிமேஷன் படங்களின் பின்னணிக் காட்சிகள் பலவும் போஸ்டர் கலரில் தீட்டியவை. பள்ளிப் போட்டிக்கான பொருள் என்று அதை ஒதுக்குவது தவறு. வாட்டர் கலர் மிரட்டுகிறது என்றால் இதில் ஆரம்பியுங்கள்.

## அக்ரிலிக்

நிறமியைப் பிளாஸ்டிக் பிசின் கலவையில் சேர்த்தால் அக்ரிலிக். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒட்டி ஒரு படலமாகிவிடும். பிறகு தண்ணீரில் கரையாது. அதனால் தவறின் மேல் பத்து நிமிடத்தில் வேறு நிறம் பூசிவிடலாம். கேன்வாஸ், மரப்பலகை, மண்பானை, துணி, கூழாங்கல், சுவர் எதிலும் ஒட்டும். ஃபெவிக்ரில் டப்பாக்கள் சின்ன ஊர் ஸ்டேஷனரி கடையில்கூடக் கிடைக்கும். பெரிய படம், தட்டையான அழுத்தமான நிறம், கோலம் மாதிரி வடிவங்கள், வீட்டை அலங்கரிக்கும் பொருள்கள் என்று ஆசையுள்ளவர்களுக்கு இதுதான்.

சீக்கிரம் காய்வது வரமாக இருக்கும் அதே ஊடகத்தில் அதுவே தொல்லையும்கூட. முகத்தின் நிழல் மெல்ல மெல்ல மாறும் இடத்தைக் குழைக்க நினைக்கும்போது பெயிண்ட் காய்ந்து கோடாக நிற்கும். காய்ந்ததும் நிறம் கொஞ்சம் அடர்ந்துவிடும், வாட்டர் கலருக்கு நேரெதிர். பாலெட்டில் பிழிந்த பெயிண்ட் கோடையில் கால் மணி நேரத்தில் தோலாகிவிடும். தட்டில் ஈர டிஷ்யூ பேப்பரை விரித்து, மேலே பட்டர் பேப்பரை வைத்து, அதில் பெயிண்டைப் பிழிந்தால் பல மணி நேரம் தாங்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவமும் கிடைக்கிறது.

பிரஷ்தான் இதன் மறைமுகச் செலவு. ஒருமுறை போன் வந்து எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்தால் பிரஷ் குச்சியாகிவிடும். விலை குறைந்த நைலான் பிரஷ்களே போதும், வரையும்போது எப்போதும் தண்ணீருக்குள் இருக்கட்டும். சட்டையில் பட்டுக் காய்ந்தால் போகாது, அதனால் இதற்கென்று ஒரு பழைய சட்டை வேண்டும். பிரஷ் கழுவிய நீரில் பிளாஸ்டிக் துகள்கள் இருக்கும். வாளியில் தெளியவிட்டு அடியில் தங்கியதைக் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுவது நல்லது.

இன்னொன்று, வெப்ப ஊர்க்காரர்கள் தெரிந்திருக்க வேண்டியது. அக்ரிலிக் படலம் சூட்டில் இளகும். முடித்த படங்களை ஒன்றோடொன்று முகம் ஒட்டும்படி பரண்மேல் அடுக்கினால் மே மாதம் முடிந்து எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு பெயிண்டோடு பிய்ந்து வரும். நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடைவெளி விட்டு வையுங்கள். கண்ணாடி போடாமல் மாட்டலாம் என்பது இதன் பெரிய வசதி, ஃபிரேம் செலவும் அந்த அளவுக்கு மிச்சம்.

## ஆயில்

ஆளிவிதை எண்ணெயில் நிறமி. இது தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் முதல் சில வாரம்வரை ஆகும். வார்னிஷ் பூச ஆறு மாதத்துக்கு மேல் பொறுப்பது வழக்கம். இந்தத் தாமதம்தான் இதன் செல்வம். நேற்று வைத்த நிறத்தை இன்று வந்து குழைக்கலாம், பிடிக்காவிட்டால் கத்தியால் வழித்தெடுக்கலாம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பெண்ணின் கன்னத்திலும் தாவணியிலும் எப்படி இறங்கும் என்று 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜா தீட்டியதைப் பார்த்தால், அந்த மென்மைக்காக ஏன் ஆயிலைத் தேடிப் போகிறார்கள் என்பது புரியும்.

ஆனால் இது தனி இடம் கேட்கும். படம் வாரக்கணக்கில் காய வேண்டும், தூசியும் பூச்சியும் ஒட்டாத இடம் வேண்டும். பெயிண்டை இளக்கவும் பிரஷ் கழுவவும் பயன்படும் கரைப்பானான டர்பன்டைனின் நெடியில் மூடிய அறையில் உட்காரக் கூடாது. குளிர்சாதன அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரைய நினைப்பவர் இதைத் தொட வேண்டாம். பிரஷ்ஷைச் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் டர்பன்டைன் தேவை பெருமளவு குறையும். தண்ணீரில் கழுவக்கூடிய ஆயில் பெயிண்டும் விற்கிறது. காட்மியம் போன்ற உலோகம் உள்ள நிறங்களைத் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது, குழந்தைக்கு எட்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கை, அலட்சியம் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவியலாகப் போட்டால், அது இறுகும்போது வெளிவரும் வெப்பம் உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பற்றலாம். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் முழுதாகக் கிடைக்கும், மொட்டை மாடி அறையோ பின்கட்டோ இருக்கிறது, ஒரே படத்தோடு ஒரு மாதம் இருக்கப் பொறுமை இருக்கிறது என்றால் ஆயிலுக்கு இணை எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு இது இரண்டாவது ஊடகமாக இருக்கட்டும்.

## டிஜிட்டல்

"டிஜிட்டல்" என்று ஒன்றாகச் சொன்னாலும் இதில் மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன.

கையில் இருக்கும் போன். ஐபிஸ் பெயிண்ட் போன்ற இலவசச் செயலியும் விரலும் போதும். ரப்பர் முனை வைத்த மலிவு ஸ்டைலஸ் (திரையில் வரையும் பேனா) விரலின் வேலையைத்தான் செய்யும், அழுத்தத்தை உணராது. எனவே அதற்காகக் கடைக்குப் போக வேண்டாம். நிறத் திட்டம், சின்ன வரைவு ஆகியவற்றுக்குப் போன் நல்லது. பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயதைக் கடந்த பிறகுதான் ஐபோனிலும், 2010-இல் ஐபேட் வந்ததும் அதிலும் வரைய ஆரம்பித்தார். கேன்வாஸையும் விடவில்லை.

அடுத்தது, திரையில்லாத பேனா டேப்லெட். கணினியோடு இணைத்து, மேசையில் இருக்கும் பலகையில் வரைந்தபடி கண்ணால் திரையைப் பார்க்க வேண்டும். ஹுயான், எக்ஸ்பி பென், வாகாம் நிறுவனங்களின் சிறிய பலகைகள் சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகின்றன. பேனாவுக்குப் பெரும்பாலும் பேட்டரிகூடத் தேவையில்லை. கையும் கண்ணும் வேறு வேறு இடத்தில் இருப்பதற்குப் பழகச் சில வாரம் ஆகும். முதல் நாள் கோணலாக வருவதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், பழகியபின் குனியாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வரையலாம் என்பதால் கழுத்துக்கு இதுவே நல்லது. வாங்கியதும் அமைப்புகளில் போய்ப் பலகையின் நீள அகல விகிதத்தைத் திரையோடு பொருத்துங்கள். அதைச் செய்யாவிட்டால் வட்டம் போட்டால் முட்டை வரும். மென்பொருளுக்கு கிரிட்டா இருக்கிறது. முற்றிலும் இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஓவியத்துக்கென்றே உருவாக்கியது. மாதச் சந்தா கட்டி ஃபோட்டோஷாப் வாங்கப் பொழுதுபோக்காளருக்கு எந்தத் தேவையும் இல்லை.

மூன்றாவது, திரையிலேயே வரையும் ஐபேட், அல்லது எஸ் பென் என்ற பேனாவோடு வரும் சாம்சங் டேப்லெட். ஐபேடும் அதற்கான ஆப்பிள் பென்சிலும் சேர்த்தால் நாற்பதாயிரத்தைத் தாண்டும். ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலிக்கு ஒரே முறை பணம் கட்டினால் போதும், ஆனால் ஐபேடில் மட்டும்தான் ஓடும். அனுபவம் காகிதத்துக்கு மிக நெருக்கம். வியர்க்கும் கை கண்ணாடியில் ஒட்டி இழுக்கும், இரண்டு விரலை மட்டும் மூடும் கையுறை ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். வரைய மட்டுமே வாங்குகிறீர்கள் என்றால், ஆறு மாதம் பலகையிலோ நோட்டிலோ தொடர்ந்து வரைந்துவிட்டு இதற்குப் போங்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் இன்றே ஆரம்பித்துவிடலாம்.

டிஜிட்டலின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: எடுத்து வைக்க நேரம் ஆகாது, கழுவ எதுவுமில்லை, பெயிண்ட் தீராது, தவறைத் திரும்பப் பெறலாம். லேயர் என்ற அடுக்குமுறைதான் எனக்கு இதில் மிகப் பெரிய பரிசாகத் தோன்றுகிறது. கோடு ஒரு லேயர், நிழல் ஒன்று, நிறம் ஒன்று என்று பிரித்து வைத்தால், ஒரே தெருவை விடியற்காலையாகவும் மாலையாகவும் மாற்றிப் பார்க்கலாம். நிறத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு மாதிரியானவை. திரும்பப் பெறும் வசதி கையைச் சோம்பலாக்கும். ஒரே கோட்டை முப்பது முறை போட்டு அழிப்பது பழக்கமாகிவிடும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருப்பதால் கண்ணிமை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டிருப்பீர்கள், விலகிப் பார்த்தால் முகமே சாய்ந்திருக்கும். படம் எப்போது முடிந்தது என்றே தெரியாது. ஆயிரம் பிரஷ்களைத் தரவிறக்குவதிலேயே ஒரு மாதம் போகும். மூன்று பிரஷ் போதும் என்று நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் நாள் முழுக்க அலுவலகத்தில் திரையைப் பார்க்கிறவர் ராத்திரியும் திரையைத்தான் பார்ப்பார். அவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. அவருடைய கண்ணுக்கும் மனசுக்கும் காகிதம்தான் ஓய்வு.

அச்சிடும் எண்ணம் இருந்தால் வரையத் தொடங்கும்போதே அளவை முடிவுசெய்யுங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐ-க்கு (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 × 3508 பிக்சல் வேண்டும். சமூக ஊடகத்துக்கென்று 1080 பிக்சலில் வரைந்த சதுரப் படம், அதே தரத்தில் 3.6 அங்குலத்துக்கு மேல் போகாது. திரை தானே ஒளிர்வது, காகிதம் ஒளிராது. அதனால் அச்சில் படம் இருண்டு வரும், பளபளக்கும் பச்சையும் ஊதாவும் மங்கும். முதலில் சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரதி எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பிரதிக்குப் பணம் கட்டுங்கள். கோப்புகளை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

எழுதிக் கேட்டால் படம் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. படம் தேவைப்படுகிறவருக்கு அவை பயன்படலாம். வரைய விரும்புகிறவருக்கு வேண்டியது வரைகிற அந்த நேரம், அதை அவை தருவதில்லை.

## ஒரே பார்வையில்

| | பேனா, மை | வாட்டர் கலர் | அக்ரிலிக் | ஆயில் | பேனா டேப்லெட் |
|---|---|---|---|---|---|
| எடுத்து வைக்க, கழுவ | ஒன்றுமில்லை | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | ஒன்றுமில்லை |
| இடம் | மடி போதும் | மேசை மூலை | மேசையும் விரிப்பும் | தனி இடம், காற்றோட்டம் | கணினி மேசை |
| தவறைத் திருத்த | முடியாது | கடினம் | எளிது | மிக எளிது | மிக மிக எளிது |
| முதல் செலவு | மிகக் குறைவு | குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| ஒரு படத்துக்கு | அற்பம் | காகிதம் | பெயிண்ட், கேன்வாஸ் | அதிகம் | இல்லை |
| மறைந்த செலவு | நிப், மை வகை | காகிதம், ஃபிரேம் | பிரஷ் | கரைப்பான், காயும் இடம் | பழகும் காலம், அச்சு |
| நம் வானிலையில் | தொல்லை இல்லை | பூஞ்சணம், வேகமாக உலர்தல் | வேகமாக உலர்தல், ஒட்டிக்கொள்ளுதல் | கவனமாகக் காயவைக்க வேண்டும் | தொல்லை இல்லை |

## யாருக்கு எது

ராத்திரி அரை மணி நேரம், சாப்பாட்டு மேசை, சிறு குழந்தை: வாட்டர் கலர், அல்லது பேனா. பொறுமை குறைவு, உடனே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வேண்டும்: அக்ரிலிக். உருவப்படம்தான் ஆசை, ஞாயிறு முழுக்கக் கிடைக்கும், தனி இடமும் உண்டு: ஆயில். கதைக்குப் படம், காமிக்ஸ், குழந்தைகளுக்கான படப் புத்தகம் என்று கனவு இருக்கிறது: டிஜிட்டல், தயங்காமல். அந்த வேலைகளில் மாற்றங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், லேயர் இல்லாமல் சமாளிப்பது கடினம்.

கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கும் டிஜிட்டலைச் சொல்வேன். கோட்டைச் சீராக்கும் வசதி கிரிட்டாவிலேயே இருக்கிறது. அது தரும் தன்னம்பிக்கை பெரிது. மாறாக, பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுப்பதற்கு முன் போஸ்டர் கலரையும் பெரிய சார்ட் பேப்பரையும் கொடுங்கள். தோள் அசைந்து வரைய வேண்டிய வயது அது.

## எல்லாவற்றையும் முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு

ஒவ்வொன்றாகச் சோதிப்பதும் நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் ஒவ்வொரு ஊடகத்திலும் வேறு வேறு படம் வரைந்தால் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பித்தளைக் குத்துவிளக்கோ, வெண்கலச் சொம்போ போதும், பளபளப்பும் நிழலும் வளைவும் அதில் உண்டு. அதைப் பேனாவில், வாட்டர் கலரில், அக்ரிலிக்கில், போனில் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து முறை. முதல் படத்தை வைத்து எந்த ஊடகத்தையும் தள்ளாதீர்கள். முதல் படத்தில் தெரிவது ஊடகத்தின் குணம் இல்லை, பழக்கமின்மைதான். வாங்கும்போது எல்லாவற்றிலும் மிகச் சிறிய அளவை வாங்குங்கள். டியூப்களைத் தனித்தனியாக விற்கும் கடையைத் தேடிப் பிடித்தால் இன்னும் நல்லது.

இரண்டைக் கலப்பதும் ஒரு வழி. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். தண்ணீரில் கரையாத மையில் காகிதத்தில் கோட்டை வரையுங்கள். ஜன்னல் பக்கம் நிழல் விழாத இடத்தில் வைத்துப் போனில் நேராகப் படமெடுத்து, கிரிட்டாவில் திறந்து, அந்த லேயரை மல்டிப்ளை முறைக்கு மாற்றுங்கள். வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். கீழே புதிய லேயரில் நாலைந்து விதமாக நிறம் பூசிப் பாருங்கள். பிடித்த நிறத் திட்டம் கிடைத்ததும், திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதத்திலிருக்கும் அதே படத்துக்கு வாட்டர் கலர் பூசுங்கள். தாள் 300 ஜிஎஸ்எம்-ஆக இருக்க வேண்டும் என்பதைக் கோடு போடுவதற்கு முன்னாலேயே நினைவில் வையுங்கள்.